ஈக்வலா, இக்விவலன்டா, கமென்ஷரட்டா: ஆங்கிலத்தில் ‘சமம்’ சொல்ல எதை எடுப்பது?

‘உழைப்புக்கேற்ற ஊதியம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் ‘ஈக்வல் பே’ என்பார், இன்னொருவர் ‘ப்ரொப்போர்ஷனல் பே’ என்பார், மூன்றாமவர் ‘கமென்ஷரட் பே’ என்பார். இலக்கணப்படி மூன்றிலும் பிழை கிடையாது. ஆனால் வேலைக்குச் சேரும் ஆளுக்கு இவை மூன்று வெவ்வேறு வாக்குறுதிகள். முதலாவது, எல்லாருக்கும் ஒரே தொகை என்கிறது. இரண்டாவது, வேலை இரட்டித்தால் சம்பளமும் கச்சிதமாக இரட்டிக்கும் என்கிறது. மூன்றாவதில், வேலையின் கனத்தைப் பார்த்து அதற்குத் தகுந்தபடி கொடுப்போம் என்ற பொருள்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி மாற்றுகிற பெயரடைகள் இவைதான். எழுதியவர்களின் ஆங்கிலம் மோசம் என்பதல்ல காரணம். தமிழில் ‘சமம்’ ரொம்பப் பரந்த சொல். ‘ஐந்தும் ஐந்தும் பத்துக்குச் சமம்’ என்கிறோம். ‘அவர் எனக்கு அம்மாவுக்குச் சமம்’ என்கிறோம். ‘தெரிந்தும் சொல்லாமல் இருந்தது துரோகத்துக்குச் சமம்’ என்றும் சொல்கிறோம். தமிழ்க் காதுக்கு மூன்றும் இயல்பு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு மட்டும்தான் ஈக்வல் பொருந்தும். இரண்டாவதில் ஈக்வல் போட்டால் அம்மாவையும் அவரையும் தராசில் வைத்த மாதிரி ஆகிவிடும். ‘லைக் எ மதர்’ என்று விடுவதே நல்லது. மூன்றாவதற்கென்றே தனியாக ஒரு சொல் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆங்கில அகராதியைத் திறப்பதற்கு முன், ‘சமம்’ இருக்கும் இடத்தில் வேறு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்ப்பது. ‘ஈடு’ பொருந்தினால் இக்விவலன்ட். ‘விகிதத்தில்’ பொருந்தினால் ப்ரொப்போர்ஷனல். ‘ஏற்ற’, ‘தகுந்த’ பொருந்தினால் கமென்ஷரட் அல்லது ப்ரொப்போர்ஷனட். ‘ஒப்பிடத்தக்க’ பொருந்தினால் கம்பேரபிள். எதுவுமே பொருந்தாமல் ‘சமம்’தான் வேண்டும் என்றால், சரி, அது ஈக்வல். பாதிச் சிக்கல் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஈக்வலும் இக்விவலன்டும்

சமக்குறியை 1557-இல் அறிமுகப்படுத்தியவர் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட். ஒவ்வொரு வரியிலும் ‘இதற்குச் சமம்’ என்று எழுதி எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஈக்வல் என்ற சொல்லின் குணத்தை அந்தக் குறியே காட்டிவிடுகிறது. இரண்டு பக்கத்திலும் அளவு ஒன்று, இடையில் எந்தப் பேரமும் இல்லை. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பது 1959-இல் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட துல்லியமான அளவு. அங்கே தயங்காமல் ‘ஈக்வல் டு’ எழுதலாம்.

இக்விவலன்ட்டின் லத்தீன் வேரில் ‘சமம்’ என்பதோடு ‘மதிப்பு’, ‘வலிமை’ என்ற பொருளும் ஒட்டியிருக்கிறது. பொருள்கள் வேறு, ஆனால் குறிப்பிட்ட ஒரு நோக்கில் மதிப்பு ஒன்று. தமிழில் ‘ஈடு’ செய்கிற வேலை இதுதான். ஈடுகட்டுவது, இழப்பீடு என்று நாம் சொல்லும்போது போனதே திரும்பி வருவதில்லை; அதன் மதிப்புக்கு இணையான வேறொன்று வருகிறது. மீத்தேன் வாயுவைக் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறக்குறைய 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இக்விவலன்ட் என்று காலநிலை அறிக்கைகளில் எழுதினார்கள். இரண்டும் வேறு வேறு வாயு, அளவும் வேறு. பூமியைச் சூடாக்கும் திறன் என்ற ஒரே நோக்கில் மட்டும் ஈடு. அங்கே ‘ஈக்வல்’ போட்டால் வேதியியலே குழம்பிப்போகும்.

மருந்துத் துறையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மூல மருந்தையும் அதன் ஜெனரிக்கையும், அதாவது அதே மருந்துப்பொருளை வைத்து வேறு நிறுவனம் தயாரிப்பதையும், ஒப்பிடும்போது ‘பயோ இக்விவலன்ட்’ என்பார்கள். இரண்டு மாத்திரைகளும் ரத்தத்தில் எவ்வளவு கலக்கின்றன என்று அளந்து, அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடும் என்று புள்ளியியல் மதிப்பிடும் வீச்சு) முழுவதும் 80-க்கும் 125-க்கும் இடைப்பட்ட சதவீதத்துக்குள் அடங்கினால் இக்விவலன்ட் என்று ஏற்கிறார்கள். அதாவது இக்விவலன்ட்டுக்கு ஒரு வரம்பு உண்டு, அந்த வரம்புக்குள் கொஞ்சம் இப்படி அப்படி இருக்கலாம். ஈக்வலுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. எழுதுபவர் இதை மனதில் வைத்துக்கொண்டால் கூடவே வரும் அடைமொழியும் தானாகச் சரியாகிவிடும். ‘ரஃப்லி இக்விவலன்ட்’ என்பது மிக இயல்பான ஆங்கிலம். ‘வெரி ஈக்வல்’ என்பது இல்லை. ‘வெரி சிமிலர்’ உண்டு, ஏனென்றால் ஒற்றுமைக்குக் கூடுதல் குறைவு உண்டு. சமத்துக்கு அது கிடையாது. ‘ஏறக்குறைய சமம்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘நியர்லி ஈக்வல்’ என்றோ ‘ஆல்மோஸ்ட் ஈக்வல்’ என்றோ எழுதலாம்.

வேலை விளம்பரங்களில் பட்டத்தைச் சொல்லி ‘ஆர் இக்விவலன்ட்’ என்று சேர்ப்பதும் இதே நியாயத்தில்தான். அதே பட்டம் வேண்டாம், அதே மதிப்புள்ள வேறு தகுதி இருந்தாலும் போதும் என்று கதவைத் திறந்து வைக்கிற சொல் அது.

ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது நிலைமை தலைகீழாகிறது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் முதல் பிரிவிலேயே மனிதர் அனைவரும் கண்ணியத்திலும் உரிமையிலும் ‘ஈக்வல்’ என்கிறது. அங்கே ‘ஐடென்டிகல்’ என்று போட்டால் பொய், இரண்டு பேர் ஒரே மாதிரி இருப்பதில்லை. ‘இக்விவலன்ட்’ என்று போட்டால் அதைவிட மோசம். ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற நெடி அதில் வந்துவிடும். ஈடு என்பது பொருளுக்கு உண்டு, ஆளுக்கு இல்லை. உரிமையைப் பற்றி எழுதும்போது சந்தேகமே வேண்டாம், ஈக்வல்தான்.

அதே பிரகடனத்தின் 23-ஆம் பிரிவு ‘ஈக்வல் வொர்க்’ என்கிறது, அதாவது சம வேலைக்குச் சம ஊதியம். மூன்று ஆண்டு கழித்து, 1951-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கை வந்தபோது ஆண் பெண் ஊதியத்துக்கு அளவுகோலாக வைத்தது ‘வொர்க் ஆஃப் ஈக்வல் வேல்யூ’. ஒரே ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. ஆனால் அதற்குள் வரக்கூடியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடிவிட்டது! இருவரும் ஒரே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் போய், வேலை வேறானாலும் மதிப்பு ஒன்றானால் போதும் என்று ஆனது. இக்விவலன்ட்டின் லத்தீன் வேரைப் பிரித்து எழுதினால் ‘ஈக்வல் வேல்யூ’தான் கிடைக்கும் என்பதையும் இங்கே கவனியுங்கள்.

விகிதமா, தகுதியா

இனி எல்லாரும் அதிகம் இடறுகிற இடம். ப்ரொப்போர்ஷனல், ப்ரொப்போர்ஷனட், கமென்ஷரட் என்ற மூன்றும் அகராதியில் ஒன்றுக்கொன்று பொருளாக வரும். அகராதியை நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

ப்ரொப்போர்ஷனல் ஒரு கணக்குச் சொல். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்க வேண்டும், ஒன்று பாதியானால் மற்றதும் பாதியாக வேண்டும், ஒன்று பூச்சியமானால் மற்றதும் பூச்சியமாக வேண்டும். கம்பிச்சுருளின் நீட்சி இழுக்கும் விசைக்கு ப்ரொப்போர்ஷனல் என்று ராபர்ட் ஹூக் சொன்னது இந்தப் பொருளில். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பற்றி 1827-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் சொன்னதும் இதே பொருளில். ‘கூடக் கூடக் கூடும்’ என்பது மட்டும் ப்ரொப்போர்ஷனல் ஆகாது. வயது கூடக் கூடக் குழந்தையின் உயரம் கூடுகிறது. ஐந்து வயதில் 110 சென்டிமீட்டர் இருந்த குழந்தையின் உயரம் வயதுக்கு ப்ரொப்போர்ஷனல் என்றால் பத்து வயதில் 220 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்!

பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரம் இன்னொரு உதாரணம். இதில் சொல் பிழைத்தால் உயிருக்கே கேடு. அந்தத் தூரம் வேகத்துக்கு ப்ரொப்போர்ஷனல் அல்ல, வேகத்தின் வர்க்கத்துக்கு ப்ரொப்போர்ஷனல். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. பாதுகாப்புக் குறிப்பு எழுதுகிறவர் ‘ப்ரொப்போர்ஷனல் டு ஸ்பீட்’ என்று சும்மா போட்டுவிட்டால், படிப்பவர் இரண்டு மடங்கு என்றுதான் மனதில் கணக்குப் போடுவார்.

பூச்சியம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியைப் போல இரட்டிப்புச் சூடு அல்ல. செல்சியஸின் பூச்சியம் தண்ணீர் உறையும் இடம், வெப்பமே இல்லாத இடம் அல்ல. அழுத்தம் மாறாதபோது வாயுவின் கன அளவு, வெப்பமே இல்லாத இடத்தைப் பூச்சியமாக வைத்த கெல்வின் வெப்பநிலைக்குத்தான் ப்ரொப்போர்ஷனல். கெல்வினில் அந்த 10 டிகிரியும் 20 டிகிரியும் முறையே 283-உம் 293-உம், கூடுதல் சுமார் 3.5 சதவீதம்தான். ஆகவே ஒரு விகிதத்தைக் கையில் எழுதிக் காட்ட முடிந்தால் மட்டும் ப்ரொப்போர்ஷனல் போடுங்கள். முடியாவிட்டால், ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறது என்று சாதாரணமாக எழுதுவது ஒன்றும் குறைவு இல்லை.

ப்ரொப்போர்ஷனட் அப்படி அல்ல. அது தீர்ப்புச் சொல். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்கிறோமே, அதே எண்ணம்தான். குற்றத்துக்குத் தகுந்த தண்டனை, ஆபத்துக்குத் தகுந்த எச்சரிக்கை, இவற்றில் ‘தகுந்த’ என்பதை யாரும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது. நியாயமான ஒருவர் பார்த்தால் சரி என்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியில் அபராதங்கள் பயன் தருவதாகவும், ப்ரொப்போர்ஷனட் ஆகவும், மறுபடி செய்யத் தயங்க வைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். எத்தனை பேரின் தரவு கசிந்ததோ அத்தனை மடங்கு அபராதம் என்று சொல்லவில்லை. நிலைமையைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். தேர்தலில் மட்டும் ‘ப்ரொப்போர்ஷனல் ரெப்ரசென்டேஷன்’. வாங்கிய வாக்கு விகிதத்தில் இடங்கள் என்ற கணக்கு அங்கே உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்க எழுத்தில் இந்த எல்லைக்கோடு சில சமயம் கலங்கும், ப்ரொப்போர்ஷனட் வர வேண்டிய இடத்தில் ப்ரொப்போர்ஷனல் வரும். நாம் கோட்டைக் காப்பாற்றி எழுதினால் இரு பக்கத்து வாசகருக்கும் புரியும்.

கமென்ஷரட்டுக்கு வருவோம். சம்பளம், பொறுப்பு, தகுதி, அனுபவம் என்ற வட்டாரத்தில் புழங்குகிற சொல் இது. ‘சேலரி கமென்ஷரட் வித் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற தொடரை எத்தனையோ விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம். அங்கே ப்ரொப்போர்ஷனல் என்று எழுதினால் பத்து ஆண்டு அனுபவமுள்ளவர் ஐந்து ஆண்டு அனுபவமுள்ளவரைப் போல இரட்டிப்புச் சம்பளம் கேட்க இடம் கொடுக்கிறோம், அனுபவமே இல்லாதவருக்குச் சம்பளமே இல்லை என்றும் ஆகிறது. பகுதிநேர ஊழியருக்கு மட்டும் விஷயம் வேறு. பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம் என்பது சுத்தமான விகிதக் கணக்கு, அதற்கு ‘ப்ரோ ராட்டா’ என்ற லத்தீன் சொல்லையே ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். ஒரே ஒப்பந்தத்தில் முழுநேரச் சம்பளம் கமென்ஷரட் ஆகவும் பகுதிநேரச் சம்பளம் ப்ரோ ராட்டாவாகவும் இருப்பதில் முரண் இல்லை.

இதில் ஓர் ஒட்டுச்சொல் சிக்கலும் இருக்கிறது. தமிழில் ‘அதற்குச் சமம்’, ‘அதற்கு ஏற்ற’, ‘அதற்கு ஈடான’ என்று எல்லாவற்றுக்கும் நான்காம் வேற்றுமைதான். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘டு’ போட்டுவிடுகிறோம். ஈக்வல், இக்விவலன்ட், ப்ரொப்போர்ஷனல், பின்னால் பார்க்கப்போகிற டான்டமவுன்ட் என்று பெரும்பாலானவற்றுக்கு அது சரியாகவே அமைந்துவிடுகிறது. கமென்ஷரட்டுக்கு மட்டும் வழக்கமான துணை ‘வித்’. ‘டு’ போடுகிறவர்களும் உண்டு, ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் ‘வித்’ இருப்பதே கண்ணுக்கு உறுத்தாது. அப்புறம், ஈக்வல் வினைச்சொல்லாக வரும்போது ‘டு’ வேண்டாம்; இரண்டும் இரண்டும் ‘ஈக்வல்ஸ் ஃபோர்’, அவ்வளவுதான். இக்விவலன்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் ‘தி இக்விவலன்ட் ஆஃப்’.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கமென்சுரேட், ப்ரொப்போர்ஷனேட் என்று முழுதாக நீட்டிச் சொல்கிறோம். பெயரடையாக வரும்போது அந்தக் கடைசி அசை குறுகி ‘அட்’ என்றுதான் ஒலிக்கும். நேர்காணலில் பேசும்போது இது உதவும்.

‘மூன்று மடங்கு அதிகம்’

விகிதத்தைச் சொல்ல இன்னொரு வழி மடங்கு. போன ஆண்டு 100 பேர் வந்தார்கள், இந்த ஆண்டு ‘மூன்று மடங்கு அதிகம்’ என்றால் வந்தவர்கள் 300 பேரா 400 பேரா? தமிழிலேயே இது தெளிவாக இல்லை. ஆங்கிலத்தில் ‘த்ரீ டைம்ஸ் மோர் தேன்’ என்பதும் இதே குழப்பத்தோடுதான் இருக்கிறது. பெரும்பாலோர் 300 என்று எடுத்துக்கொள்வார்கள், கறாராகப் படிப்பவர் 100-உடன் இன்னும் 300 சேர்த்து 400 என்பார். ‘த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது, 300தான். சதவீதத்தில் சொல்வதானால் 100 என்பது 300 ஆனது 200 சதவீத உயர்வு, 300 சதவீத உயர்வு அல்ல. பணமும் மருந்தளவும் புழங்கும் எழுத்தில் நான் மடங்கையே நம்புவதில்லை. 100-இலிருந்து 300 என்று இரண்டு எண்களையும் எழுதிவிடச் சொல்வேன்.

டபுள், ஹாஃப் இரண்டும் ‘தி’க்கு முன்னால் நிற்கும்: ‘டபுள் தி அமவுன்ட்’, ‘ஹாஃப் தி காஸ்ட்’. இதற்கு மேல் அவற்றில் சிக்கல் இல்லை.

டான்டமவுன்ட்: பழி சுமக்கும் சமம்

முதலில் விட்டுவைத்த துரோகத்துக்கு இப்போது வருவோம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது துரோகத்துக்குச் சமம். சொல்லாமல் இருந்தது துரோகம் என்ற பெயரில் வராது, ஆனால் விளைவில் துரோகம்தான். பெயர் வேறு, பலன் ஒன்று என்ற இந்த இடத்தில் ஆங்கிலம் டான்டமவுன்ட்டை வைத்திருக்கிறது. ‘அவ்வளவுக்கு வந்து சேர்வது’ என்பது அதன் பழைய பிரெஞ்சுப் பொருள்.

இதை எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, இது பெரும்பாலும் கெட்டதற்கே வருகிறது: மிரட்டல், ஒப்புதல் வாக்குமூலம், தோல்வியை ஏற்பது, பொய். ‘அவருடைய உதவி ஆசீர்வாதத்துக்குச் சமம்’ என்ற நல்ல வாக்கியத்தில் டான்டமவுன்ட் போட்டால் பாராட்டுக்குள் ஒரு குற்றச்சாட்டு நுழைந்த மாதிரி இருக்கும். இரண்டாவது, இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘இக்விவலன்ட் அமவுன்ட்’ உண்டு, ‘டான்டமவுன்ட் கிரைம்’ கிடையாது. ‘இஸ் டான்டமவுன்ட் டு’ என்ற வடிவம் ஒன்றுதான். இவ்வளவு நிபந்தனை எதற்கு என்று தோன்றினால் ‘அமவுன்ட்ஸ் டு’ என்ற வினைச்சொல் தயாராக நிற்கிறது. அதே பொருள், ஆரவாரம் குறைவு. அலுவலகக் கடிதத்தில் ஒருவரின் செயலைக் குறை சொல்ல நேர்ந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். டான்டமவுன்ட்டில் நீதிமன்ற வாசனை கொஞ்சம் கூடுதல், கடிதத்தைப் பெறுகிறவர் உடனே கவசம் போட்டுக்கொள்வார்.

கம்பேரபிள், அப்புறம் அதன் எதிர்ச்சொல்

ஈக்வல் என்று துணிந்து சொல்லவும் முடியவில்லை, வேறு வேறு என்று தள்ளவும் முடியவில்லை என்றால் கம்பேரபிள். இரண்டு ஆய்வு முடிவுகள், இரண்டு நிறுவனங்களின் கட்டணம், இரண்டு கருவிகளின் செயல்திறன், இவையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நெருக்கம் என்கிறது அது. நேர்மையான சொல், ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். ‘கம்பேரபிள் ரிசல்ட்ஸ்’ என்று மட்டும் எழுதி எண்களைக் கொடுக்காவிட்டால் படிப்பவர் சந்தேகப்படுவது நியாயம். எண்ணைக் கொடுத்துவிட்டு இந்தச் சொல்லைப் போடுங்கள்.

எதிர்ச்சொற்களில் ஒரே முன்னொட்டு எல்லாவற்றுக்கும் ஒட்டாது. ஈக்வலுக்கு ‘அனீக்வல்’ உண்டு. இக்விவலன்ட்டுக்குப் பேச்சு வழக்கில் அப்படி ஒன்று இல்லை, ‘நாட் இக்விவலன்ட்’ என்றே எழுத வேண்டும். ப்ரொப்போர்ஷனல், ப்ரொப்போர்ஷனட் இரண்டுக்கும் எதிராக நடைமுறையில் வருவது ‘டிஸ்ப்ரொப்போர்ஷனட்’ ஒன்றே, அதிலும் குறை சொல்லும் தொனி உண்டு. ஒரு பிரிவினர் டிஸ்ப்ரொப்போர்ஷனட் ஆகப் பாதிக்கப்பட்டார்கள் என்றால், அவர்கள் எண்ணிக்கைக்கு மீறிய சுமை அவர்கள் மேல் விழுந்தது என்று பொருள்.

கம்பேரபிளின் எதிர்ச்சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு ஆய்வுகளின் தரவை ஒப்பிட முடியாது என்று சொல்ல நினைத்து ‘இன்காம்ப்பரபிள்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒப்பிட முடியாதது என்ற பொருள் உண்டுதான், ஆனால் அதைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் எழுவது புகழ்ச்சி. தமிழிலும் இதுவேதான் நடந்திருக்கிறது. ‘ஒப்பற்ற’, ‘நிகரற்ற’, ‘இணையற்ற’, ‘ஈடில்லாத’ எல்லாமே பக்கத்தில் வைக்க எதுவும் இல்லை என்று தொடங்கி, உச்சத்தில் இருப்பது என்ற இடத்துக்குப் போய்விட்டவை. ‘இவ்விரு தரவுகளும் ஒப்பற்றவை’ என்று தமிழில் யாராவது எழுதுவோமா? ஆங்கிலத்திலும் அங்கே ‘நாட் கம்பேரபிள்’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுங்கள். இன்காம்ப்பரபிளை யாரையாவது மனதாரப் பாராட்டும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.